சின்ன ஊரில் மூன்று அரசாங்க பாலர் பள்ளிகள்: எதை வைத்து ஒப்பிடுவது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம் சின்னத் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் குடியிருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்து மோட்டாரில் பத்து நிமிடத்துக்குள் மூன்று அரசாங்க பாலர் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று தமிழ்ப்பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் பாலர் வகுப்பு. மற்ற இரண்டும் தபிகா எனப்படும் மலாய்வழிப் பாலர் பள்ளிகள்: ஒன்று தபிகா கெமாஸ், இன்னொன்று தபிகா பெர்பாடுவான். மகளுக்கு நான்கு வயது முடியப் போகிறது. வீட்டில் பேசுவது தமிழ்தான். வெளியாள் முன்னால் வாயைத் திறக்க மாட்டாள். "தபிகாவில் படித்த பிள்ளைகள் எல்லாரும் வருடக் கடைசியில் வாசிக்கிறார்களாம், தமிழ்ப்பள்ளி பாலர் வகுப்பில் பாதிப் பேருக்குத்தான் வாசிக்க வருகிறதாம், எங்கே போடுவது?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் மட்டுமே படிக்கும் ஊரில், ஒரு பள்ளி இன்னொன்றைவிட நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தமிழில் தொடங்கினால் பிள்ளை மலாயில் பின்தங்கிவிடுவாளா? அவர் வெளிப்படையாகக் கேட்டது முதல் கேள்வி. கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றி என்று நினைக்கிறேன். இரண்டுக்குமே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் செபராங் பிறையில் பாலர் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவள். பின்னால் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் போனேன். பல வகுப்புகளின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்ததுதான் என் அனுபவம். நீங்கள் குறிப்பிடும் மூன்று இடங்களையும் நான் பார்த்ததில்லை. அதனால் இதில் போடுங்கள் என்று பெயர் சொல்லப் போவதில்லை. எப்படிப் பார்ப்பது என்று சொல்லலாம். எனக்கு எதில் சாய்வு, ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு அமைச்சுகளின் கீழ் வருகின்றன. தமிழ்ப்பள்ளியில் இருப்பது கல்வி அமைச்சின் பாலர் பள்ளி. அமைச்சு இதை 1992-ல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, பிறகு நாடு முழுக்க விரிவாக்கியது. தபிகா கெமாஸ் புறநகர் மேம்பாட்டு அமைச்சைச் சேர்ந்தது. எழுபதுகளிலிருந்து கம்பங்களிலும் (மலாய்க் கிராமங்கள்) தோட்டப்புறங்களிலும் இருந்து வருகிறது. தபிகா பெர்பாடுவான் 1976-ல் ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் அமைப்பு) வட்டாரங்களில் தொடங்கியது, இன்று ஒற்றுமைத் துறை அமைச்சின் பொறுப்பில் இருக்கிறது. பல இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்பதுதான் அது தொடங்கப்பட்டதன் காரணமே. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஒரு பகுதியாக்கியதால், மூன்றும் ஒரே தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும். அந்தக் கலைத்திட்டம் 2010-ல் வந்து, 2017-ல் திருத்தப்பட்டது. 2026 முதல் புதியது நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆக, "அங்கே வேற சிலபஸ், இங்கே வேற சிலபஸ்" என்று யாராவது சொன்னால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

உண்மையான வித்தியாசம் மொழியிலும் ஆசிரியரிலும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி பாலர் வகுப்பில் தமிழ் பயிற்று மொழி. கூடவே மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் நேரம் ஒதுக்கியிருக்கும். இரண்டு தபிகாக்களிலும் மலாய்தான். கல்வி அமைச்சின் வகுப்பில் அதிகம் போனால் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், அவருக்கு ஒரு துணையாளர். அந்த ஆசிரியர் பெரும்பாலும் பட்டம் பெற்று ஆசிரியப் பயிற்சி முடித்தவராக இருப்பார். தபிகா ஆசிரியர்கள் பலர் டிப்ளோமா முடித்தவர்கள், அல்லது வேலையில் சேர்ந்த பிறகு பயிற்சி எடுத்துத் தேறியவர்கள். பட்டம் இருப்பதற்கும் வகுப்பு நன்றாக நடப்பதற்கும் பொதுவாகத் தொடர்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பொதுவாக உண்மையாக இருப்பது உங்கள் ஊரின் ஒரே ஒரு ஆசிரியர் விஷயத்தில் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. நான் பார்த்த மிக நல்ல வகுப்புகளில் ஒன்று சமூக மண்டபத்தின் ஓரத்தில் நடந்த தபிகா. பண விஷயத்தில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. வேன் கட்டணம்தான் அதைவிட அதிகம் வரும்.

சரி, இப்போது "பாதிப் பேருக்குத்தான் வாசிக்க வருகிறது" என்ற பேச்சுக்கு வருவோம். இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்வேன். அதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வது, ஒரே மூட்டை அரிசி ஒரே அடுப்பில் வேகும்போதுதான் பொருந்தும். பிள்ளைகள் அப்படி ஒரே மூட்டையிலிருந்து வருவதில்லை. ஒரு வகுப்பில் 12 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை என்பது அந்த வகுப்பின் 8 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு பிள்ளையின் வீட்டில் பிரச்சினை என்றால், வகுப்பின் "ரிசல்ட்" கிட்டத்தட்ட 17 விழுக்காடு இறங்கிவிடும். இன்னும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஆசிரியர், ஒரே முறை, வருடக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதற்கான வாய்ப்பு பத்துக்கு ஏழு. அந்த 12 பேரில் ஆறு பேரோ அதற்குக் குறைவாகவோ வாசிக்கும் வருடம் ஏறக்குறைய பத்தில் ஒன்று வரும். பதினொரு பேரோ பன்னிரண்டு பேருமோ வாசிக்கும் வருடமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வரும். ஆசிரியர் எதையுமே மாற்றியிருக்க மாட்டார். ஊர் மட்டும் ஒரு வருடம் அவரைத் தலையில் தூக்கி வைக்கும், அடுத்த வருடம் குறை சொல்லும். ஒரு வருடப் பேச்சை வைத்து இரண்டு சின்ன வகுப்புகளை ஒப்பிடவே முடியாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

வயது இன்னொரு காரணம். நம் நாட்டில் பிறந்த ஆண்டை வைத்து வகுப்பு பிரிப்பதால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். ஐந்தாறு வயதில் பதினொரு மாத இடைவெளி சின்ன விஷயமில்லை, அது பிள்ளையின் மொத்த வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. இடம் காலியாக இருந்தால் நான்கு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக் கலப்பு வகுப்பாக நடத்தும் இடங்கள் உண்டு. அங்கே வாசிக்காத "பாதிப் பேர்" என்பது நான்கு வயதுக்காரர்களாகவே இருக்கலாம். இதை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

அடுத்த காரணம் எழுத்து. இந்த விஷயத்தில் தமிழ்ப் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கு நியாயம் கிடைப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மலாய் எழுதுவது 26 ரோமன் எழுத்துகளில். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு மிகச் சீரானது. "பா, பி, பூ" என்று அசை கூட்டத் தெரிந்த பிள்ளை சில மாதங்களில் சின்னச் சொற்களை வாசித்துவிடும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. மெய்யும் உயிரும் கூடும் முறை பிடிபட்டுவிட்டால் 247-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லைதான். ஆனால் அந்த முறை பிடிபடக் காலம் ஆகும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், ஒலி பின்னால் வரும். உகர ஊகார வரிசையில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு விதமாக வளையும். ணகரம், நகரம், னகரம் மூன்றும் பிள்ளையின் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். நம் எழுத்து முறைக்கு நெருங்கிய உறவான கன்னடத்தில் செய்த ஆய்வுகளில், பிள்ளைகள் மூன்றாம் நான்காம் வகுப்பு வரைக்கும் எழுத்துகளைக் கற்றுக்கொண்டே இருக்கிறார்கள் என்று கண்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் என்பது என் அனுபவம். அதனால் ஆறு வயதுப் பிள்ளை தமிழில் தடுமாறி வாசிப்பதையும், அதே வயதுப் பிள்ளை மலாயில் சரளமாக வாசிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. அவர்கள் முன்னால் இருக்கும் வேலையே ஒன்றில்லை.

இதோடு சேர்ந்த விஷயம் ஒன்று. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை "கூச்சிங் மாகான் ஈக்கான்" (பூனை மீன் தின்கிறது) என்று மலாயில் தப்பில்லாமல் வாசித்தால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும். பூனை எதைத் தின்றது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அது வாசிப்பு. பிள்ளை விழித்தால், அசை கூட்டுகிறது, அவ்வளவுதான். அசை கூட்டுவதும் ஒரு படிதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "எல்லாரும் வாசிக்கிறார்கள்" என்று ஊரில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தப் படிதான் என்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் வாசிப்பது எவ்வளவு காலம் உதவும் என்பதும் உறுதியில்லாத விஷயம். நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பதினொரு வயது வாக்கில் வித்தியாசம் காணாமல் போயிருந்தது. அது ஆங்கிலம், வேறு நாடு. அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஐந்து வயதில் வாசிக்காவிட்டால் எல்லாம் போச்சு என்ற பதற்றத்துக்கு அடிப்படையில்லை என்ற அளவுக்குத்தான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஊர்ப் பேச்சு. சின்ன இடத்தில் ஐந்து பேர் ஒரே கருத்தைச் சொன்னால் ஐந்து சாட்சி என்று நினைத்துவிடுகிறோம். விசாரித்துப் பார்த்தால் ஐந்து பேரும் ஒரே அக்காவிடம் கேட்டிருப்பார்கள். அந்த அக்காவின் பிள்ளை அங்கே படித்து மூன்று வருடம் ஆகியிருக்கும், அன்றிருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போயிருப்பார். கருத்துச் சொல்பவரிடம் "உங்கள் பிள்ளை எந்த ஆண்டு படித்தது, அப்போது டீச்சர் யார்?" என்று கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே கழிந்துவிடும்.

ரிசல்ட்டை விட்டுவிட்டால் எதை வைத்துப் பார்ப்பது? ஒரு சாதாரண நாளில், சாதாரண ஒரு மணி நேரத்தில், அந்த ஆசிரியர் பிள்ளைகளோடு என்ன செய்கிறார் என்பதை வைத்து. இங்கிலாந்தில் 1997-ல் தொடங்கி சுமார் 3,000 பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. நல்ல பலன் தந்த பாலர் பள்ளிகளில் அவர்கள் அடிக்கடி கண்டது, பெரியவரும் பிள்ளையும் ஒரு விஷயத்தைப் பற்றிச் சேர்ந்து யோசித்து நீளமாகப் பேசிக்கொள்வது. எங்கள் ஊர் வகுப்புகளில் நான் கண்டதும் அதுதான். அந்தப் பேச்சைக் காதால் கேட்கலாம், அதற்குக் கல்வித்துறைப் படிப்பு வேண்டியதில்லை.

தலைமையாசிரியரிடமோ தபிகா ஆசிரியரிடமோ முன்கூட்டியே சொல்லி, ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். பட்டமளிப்பு நாள், விளையாட்டுப் போட்டி நாள் வேண்டாம். அன்றைக்கு எல்லா வகுப்பும் அழகாக இருக்கும். பிள்ளைகள் பசியாறும் நேரம் அந்த ஒரு மணிக்குள் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். பாடம் நடக்கும்போது யாரும் தயாராக இருக்கலாம். இருபது பிள்ளைகள் கை கழுவி, தட்டு எடுத்து, சிந்தி, சண்டை போட்டு, கழிப்பறைக்கு ஓடும் நேரத்தில்தான் அந்த வகுப்பின் இயல்பு வெளியே வரும். பால் கொட்டிய பிள்ளையிடம் ஆசிரியர் என்ன சொல்கிறார்? "துணி எங்கே இருக்கு, எடுத்துட்டு வா, சேர்ந்து துடைப்போம்" என்று சொல்பவரிடம் என் பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு விடுவேன். மற்ற பிள்ளைகள் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்துபவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் விட மாட்டேன்.

ஒரு பிள்ளை கேள்வி கேட்கும்போது கவனியுங்கள். "டீச்சர், மழை ஏன் நிக்கல?" என்றால் "பேசாம எழுது" என்பது ஒரு பதில். "ஏன்னு நீ நினைக்கிற?" என்பது இன்னொரு பதில். ஒரு மணி நேரத்தில் எத்தனை பிள்ளைகள் ஆசிரியரிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார்கள் என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் சொன்னதை எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்வதை இதில் சேர்க்க வேண்டாம். வீட்டில் பேசும் பேச்சுத் தமிழில் பிள்ளை சொன்னதை ஆசிரியர் ஏற்றுக்கொண்டு, தன் பதிலில் எழுத்துத் தமிழை மெல்லச் சேர்க்கிறாரா, அல்லது பிள்ளை வாய் திறந்த உடனே திருத்துகிறாரா என்பதும் முக்கியம். உடனே திருத்தப்படும் பிள்ளை அடுத்த முறை கையைத் தூக்காது. உங்கள் மகளைப் போன்ற கூச்சமுள்ள பிள்ளைக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

சுவரைப் பாருங்கள். இருபது வண்ணத்துப்பூச்சியும் ஒரே மாதிரி வெட்டி ஒரே நிறத்தில் இருந்தால், அதைச் செய்தது பெரும்பாலும் துணையாளர். கோணல் மாணலாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால் பிள்ளைகள் செய்தது. விளையாட்டு மூலையில் கட்டைகளும் பொம்மைச் சமையல் சாமானும் இருக்கும். அவை பிள்ளைகள் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பயிற்சித்தாள் அடுக்கின் உயரத்தையும் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை நாள் முழுக்கக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் பெற்றோருக்குத் திருப்தியாக இருக்கும், பிள்ளைக்கு நல்லதில்லை. நம் கலைத்திட்டப்படி பாலர் பள்ளியில் மதிப்பீடு என்பது ஆசிரியர் தொடர்ந்து கவனித்துக் குறித்து வைப்பது. புள்ளியும் முதல் மூன்று இடமும் அதில் கிடையாது. "எங்கள் பிள்ளைகள் பரீட்சையில்..." என்று ஒரு பாலர் பள்ளி பெருமையாகத் தொடங்கினால், அந்த இடம் கலைத்திட்டத்தை விட்டு விலகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகம் இல்லை. இங்கே எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள், நீங்கள் விடுப்பில் போனால் யார் பார்ப்பார்கள், சமீபத்தில் சிரமப்பட்ட ஒரு பிள்ளைக்கு என்ன செய்தீர்கள். பெயர் சொல்லாமல் ஒரு பிள்ளையைப் பற்றி நிதானமாக விவரிக்கிற ஆசிரியர் பிள்ளைகளைக் கவனிக்கிறார் என்று அர்த்தம். "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று முடித்துவிட்டால் கொஞ்சம் யோசியுங்கள். கேட்கும் விதத்தில் பக்குவம் வேண்டும். சின்ன ஊரில் அந்த ஆசிரியர் உங்கள் கோயில் கமிட்டிக்காரரின் மருமகளாக இருப்பார். சோதிக்க வந்த மாதிரி போகாமல், "என் மகள் கூச்சப்படுவாள், அவளுக்கு இங்கே எப்படி இருக்கும்னு பார்க்க வந்தேன்" என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தபிகாக்களில் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். கலைத்திட்டப்படி முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. ஓர் ஆசிரியரும் ஒரு துணையாளரும் மட்டும் இருக்கும் வகுப்பில், அந்த நேரத்தில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகளோடு யார் இருப்பார், என்ன செய்வார்கள்? நல்ல தபிகாக்களில் இதற்குத் தெளிவான பதில் இருக்கும். உங்கள் மகள் மட்டும் வேற்று இனப் பிள்ளையாக இருந்து, அந்த நேரம் மூலையில் நிறம் தீட்டிக்கொண்டிருப்பாள் என்றால், அது ஒரு வருடம் முழுக்க நடக்கும் விஷயம் என்பதை நினைவில் வையுங்கள். பெர்பாடுவானில் பல இனப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் இந்தத் தனிமை குறைவு. ஆனால் உங்கள் ஊர் வகுப்பில் நிஜமாகவே யார் யார் இருக்கிறார்கள் என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். சைவப் பிள்ளையாக இருந்தால் சாப்பாட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மலாய்க் கவலை. இதை அலட்சியப்படுத்த மாட்டேன். நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்துவிட்டு இடைநிலைப் பள்ளியில் நுழையும்போது எல்லாமே மலாய்க்கு மாறுகிறது. மலாயில் போதிய தேர்ச்சி இல்லாத பிள்ளைகளுக்காகப் புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பயத்தில்தான் பலர் நான்கு வயதிலேயே மலாய்க்கு ஓடுகிறார்கள். ஆனால் அந்தத் தடுமாற்றத்தின் வேர் பாலர் பள்ளியில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரு மொழியில் கதை சொல்ல, காரணம் கேட்க, வாதாடத் தெரிந்த பிள்ளை அதை இரண்டாவது மொழிக்கு எடுத்துப் போகும். எந்த மொழியிலும் அது வராத பிள்ளைக்கு எல்லா மொழியும் கஷ்டம். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே ஏற்றது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொன்னது. அதற்குப் பிறகு பல நாடுகளில் கிடைத்த அனுபவமும் பெரும்பாலும் அதே பக்கம்தான் நிற்கிறது. இதில் எனக்குச் சந்தேகமான பகுதி ஒன்று உண்டு. வீட்டிலும் கடையிலும் பக்கத்து வீட்டிலும் மலாய் காதில் விழாத பிள்ளைக்கு, பாலர் வகுப்பில் கிடைக்கும் மலாய் நேரம் போதுமா? இது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுகிறது. அதனால் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பைப் பார்க்கப் போகும்போது, மலாய் நேரத்தில் பிள்ளைகள் மலாயில் பேசுகிறார்களா, அல்லது மலாய்ச் சொல்லுக்குத் தமிழ் அர்த்தம் மனப்பாடம் செய்கிறார்களா என்று கவனியுங்கள்.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறகு தமிழ்ப்பள்ளியில்தான் முதலாம் ஆண்டு சேரப் போகிறது, அங்கே பாலர் வகுப்பு ஆசிரியர் மேலே சொன்னபடி பிள்ளைகளோடு பேசுகிறவர் என்றால், தயங்காமல் அங்கேயே போடுங்கள். 1816-ல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கிய கல்வி இன்று இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகளாக இருக்கிறது. அவற்றில் சில 150 பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகள். அந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் வரும் வாசல் பாலர் வகுப்புதான். எனக்கு இது மிகவும் முக்கியம். ஆனாலும் பள்ளியைக் காப்பாற்றும் பொறுப்பை நான்கு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்க மாட்டேன். போய்ப் பார்த்த அன்று அங்கே பயம்தான் தெரிகிறது, பெர்பாடுவானில் சிரிப்பும் பேச்சும் இருக்கிறது என்றால், பெர்பாடுவானில் போடுங்கள். வீட்டில் தமிழை விடாமல் பேசுங்கள், கதை சொல்லுங்கள், எழுத்தை விளையாட்டாக அறிமுகப்படுத்துங்கள். முதலாம் ஆண்டுக்குத் தமிழ்ப்பள்ளிக்கு வரலாம், அதற்குத் தடை எதுவும் கிடையாது. முன்பு சொன்ன இங்கிலாந்து ஆய்வின் இன்னொரு முடிவு இங்கே உதவும்: பெற்றோர் என்ன படித்திருக்கிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதைவிட, வீட்டில் பிள்ளையோடு என்ன செய்கிறார்கள் என்பது அதிகம் கணக்கில் வந்தது. ஃபேக்டரியில் ஷிப்டு வேலை பார்த்துவிட்டு வந்து இரவு பத்து நிமிடம் கதை சொல்லும் அம்மாவுக்கு இது நல்ல செய்தி.

உங்கள் மகளின் கூச்சத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தெரியாத மொழி பேசும் வகுப்பில் ஒரு பிள்ளையை விட்டால், சில வாரங்கள், சில நேரம் சில மாதங்கள்கூட அது பேசாமல் இருக்கும். காதால் வாங்கிக்கொண்டிருக்கும் காலம் அது, பெரும்பாலும் தானாக முடிந்துவிடும். தபிகாவில் போட்டால் இதற்குத் தயாராக இருங்கள், ஆசிரியருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பேசு பேசு என்று நெருக்கினால் இன்னும் மூடிக்கொள்ளும். தமிழ் வகுப்பில், தெரிந்த மொழியிலேயே, இரண்டு மூன்று மாதம் ஆகியும் ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் அது வேறு விஷயம். வீட்டில் உங்களோடு எப்படிப் பேசுகிறாள் என்று பாருங்கள். வீட்டில் வாய் ஓயாமல் பேசி வெளியே மட்டும் பேசாவிட்டால் ஆசிரியரோடு சேர்ந்து பொறுமையாக முயற்சி செய்யலாம், சில மாதம் கழித்தும் மாறாவிட்டால் மருத்துவரிடம் கேட்பது நல்லது. வீட்டிலும் சொற்கள் குறைவு, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், பாலர் பள்ளி தொடங்கும்வரை காத்திருக்காமல் இப்போதே அரசாங்க கிளினிக்கில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரும் வகுப்பறையில் வைத்துச் சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை அது.

கடைசியாக நடைமுறை. வகுப்பு சுமார் நான்கு மணி நேரம்தான், மதியத்தோடு முடிந்துவிடும். இருவரும் வேலைக்குப் போனால், அதற்குப் பிறகு பிள்ளை யாரிடம் இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பார்த்தவற்றில் இரண்டு இடம் ஏறக்குறைய சமமாகத் தெரிந்தால் பக்கத்தில் இருப்பதை எடுங்கள், மழை நாளிலும் பிள்ளை தவறாமல் போகும். மூன்றுக்கும் பதிவு தனித்தனி, தேதியும் தனித்தனி. கல்வி அமைச்சின் பாலர் வகுப்பில் இடம் குறைவு, அடுத்த வருடம் முதலாம் ஆண்டுக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. அதனால் உங்கள் மகளுக்கு இந்த முறை கிடைக்காமல் போனால் ஒரு வருடம் தபிகாவில் இருந்துவிட்டு வருவதில் தப்பில்லை. சேரும் வயது பற்றிய விதிகள் மாறிக்கொண்டிருக்கும் சமயம் இது, ஆகவே இந்த ஆண்டுக்கான விதியைப் பள்ளி அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாலர் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதே பள்ளியின் முதலாம் ஆண்டுக்குத் தானாகப் போய்விடாது. அதற்கான பதிவை இணையத்தில் தனியாக, வெகு முன்னதாகவே செய்ய வேண்டும்.